இழந்த வளவும் கீறிய வளவும்

கட்டைபறிச்சானில் ஒரு வீட்டு விறாந்தை. நாம் கொண்டு சென்ற பெரிய வெள்ளைக் காகிதம் பாயின் மேல் விரிக்கப்பட்டது. காற்றுக்குப் பறந்துவிடாமல் ஒரு மூலைக்குப் பாக்குவெட்டியும், இன்னொரு மூலைக்குச் சிரட்டையும், மற்ற இரண்டுக்கும் செருப்புகளும் பாரம் வைக்கப்பட்டன.

"எனக்குப் படம் கீறத் தெரியாது தம்பி. இது மண்வெட்டி பிடிச்ச கை" என்றார் வீட்டுக்கார ஐயா.

படம் வேண்டாம் ஐயா, உங்களுடைய பழைய வளவு எப்படி இருந்தது என்று எங்களுக்கு விளங்கினால் போதும் என்றோம். பென்சிலை வாங்கினார். சிறிது நேரம் காகிதத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு நடுவிலே ஒரு வட்டம் போட்டார். அது கிணறு.

கிணறு வந்தபின் மற்றவை எல்லாம் தாமாகவே வரத் தொடங்கின. கிணற்றிலிருந்து இருபது எட்டில் வீடு. வீட்டுக்குப் பின்னால் மாட்டுப்பட்டி. கிழக்கு வேலியோடு மூன்று தென்னை; அதில் ஒன்று இளைய மகள் பிறந்த வருடம் நட்டது. படலை. படலைக்கு வெளியே மழைக்காலத்தில் வெள்ளம் ஓடும் ஒழுங்கை.

அந்த நேரத்தில் அம்மா தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தார். "இஞ்ச பாருங்க, குசினி தெற்கால இல்லையே. சோளகக் காத்துக்குப் புகை வீட்டுக்குள்ள வருமெண்டு வடக்காலதானே போட்டது." ஐயா அழிறப்பரை எடுத்து அழித்தார். அடுத்த வழக்கு முருங்கை மரத்தில் எழுந்தது. கிணற்றடியில் நின்றது என்கிறார் அவர். "கிணத்தடியில ஆராவது முருங்கை வைப்பாங்களா? மயிர்க்கொட்டி வாளிக்குள்ள விழாதா?" என்கிறார் இவர். அந்த வழக்கு எமக்கு முன்னால் தீர்க்கப்படவில்லை. இன்றும் அந்தக் காகிதத்தில் இரண்டு இடத்தில் முருங்கை நிற்கிறது.

இக்குடும்பம் சம்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது. நடந்தவற்றை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லிக் காட்டத் தேவையில்லை. ஆயினும் ஆண்டுகளைப் பதிந்து வைப்பது நல்லது. 2006 ஏப்ரல் 25ஆம் திகதி மூதூர் கிழக்கின் மீது விமானக் குண்டுவீச்சு. அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் போர். மூதூர் முஸ்லிம் மக்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தார்கள். செப்ரெம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் வசமானது. இந்தப் பக்கத்து மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று இடம் மாறி மாறி, ஈற்றில் மட்டக்களப்பு முகாம்களைச் சென்றடைந்தார்கள். 2007இல் அயற் கிராமத்தவர்கள் திரும்பி வந்தபோது சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டிருந்தது. ஆகவே கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை நலன்புரி நிலையங்களில், தம் காணிக்குச் சில கிலோமீற்றர் தூரத்திலேயே, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2015இல் 818 ஏக்கரும், 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த காணியும் விடப்பட்டன.

ஐயா முதல் நாள் போய்ப் பார்த்தபோது வீடும் இல்லை, வேலிக் கதியாலும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. பற்றைக்குள்ளே தேடித் தேடிக் கிணற்றுக் கட்டின் உடைந்த துண்டைக் கண்டபிறகுதான் தன் வளவுக்குள் நிற்கிறோம் என்பதே அவருக்கு நிச்சயமானது. காகிதத்தில் முதலில் கிணறு வந்ததன் காரணம் இதுதான். இப்போது அங்கே போய்ப் பயிர் செய்கிறார்கள். இருப்பது கட்டைபறிச்சானில், இளைய மகளின் வளவில்.

மூத்த மகள் பிரான்சில். அங்கே பிறந்த பேத்திக்குப் பதினொரு வயது. அன்று ஞாயிற்றுக்கிழமை ஆகையால் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும் நாள். வழமையில் இந்தக் கதை "சாப்பிட்டியா?", "ஓம்", "படிக்கிறியா?", "ஓம்" என்ற அளவில் முடிந்துவிடும் என்று அம்மா சொன்னார். பேத்திக்குத் தமிழ் காதுக்கு ஓரளவு விளங்கும், வாய்க்கு வராது, எழுத்து அறவே தெரியாது. அம்மப்பாவுக்குப் பிரெஞ்சு தெரிய நியாயமில்லை. நடுவிலே மகள் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் களைத்துப்போவாள்.

அன்று ஐயா தொலைபேசியைக் காகிதத்துக்கு மேலே பிடித்தார். பேத்தி வட்டத்தைப் பார்த்தாள். நீச்சல் தடாகமா என்று கேட்டாளாம். இங்கே எல்லோரும் சிரித்துவிட்டோம். கிணறு என்பதை விளங்கப்படுத்த ஐயாவுக்குத் தமிழும் வேண்டியிருக்கவில்லை, பிரெஞ்சும் வேண்டியிருக்கவில்லை. வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளியும் கயிறும் கீறினார். பிறகு அவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கத் தொடங்கினாள். எத்தனை மாடு, எந்த அறையில் அம்மா படுத்தவள், ஏன் இரண்டு இடத்தில் ஒரே மரம். அரை மணித்தியாலத்துக்கு மேல் கதை நடந்தது. மகள் மொழிபெயர்ப்பதை இடையிலேயே நிறுத்திவிட்டாள். அவளும் தான் மறந்துபோனவற்றைக் கேட்டுக் கொண்டிருந்தாள்.

ஒரு வளவைக் கீறச் சொல்லும் இந்த எண்ணம் எமக்கு ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் ஒரு புத்தகத்தை வெளியிட்டார். அதன் பெயரைத் தமிழில் 'முற்றுப்பெறாத தோம்பு' எனலாம். தோம்பு என்பது எமது மூத்தவர்கள் அறிந்த சொல். போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும், யாருக்கு எவ்வளவு காணி, என்ன வரி என்பதை எழுதி வைத்த ஏடு அது. காணி எங்களுடையது; எழுதியவன் மொழி வேறு. சனாதனன் அதைத் தலைகீழாக்கினார். போரினால் வீடிழந்த எண்பது பேரிடம் போய், நீங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து நீங்களே கீறித் தாருங்கள் என்று கேட்டார். அவர்களுள் தமிழரும் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் இருக்கிறார்கள். அவர்கள் கீறியது ஒரு பக்கம். அதையே கட்டடக் கலைஞர் கீறுவதுபோல் அளவோடு கீறிய கோட்டுப்படம் இன்னொரு பக்கம். அவர்கள் சொன்ன கதையைக் கேட்டு ஓவியர் வண்ணக் கட்டியால் வரைந்த ஓவியம் மற்றொன்று. எமக்கு மூன்றிலும் முதலாவதுதான் பெரிதாகப் படுகிறது. ஓவியருடைய கை தேர்ந்த கை. ஆனால் நடுங்கிக் கோணலாகப் போன அந்தக் கோடுகளில்தான் வீட்டுக்காரர் இருக்கிறார்.

இதே ஓவியர் 2004இல், 1981இல் எரிக்கப்பட்டுப் பின் திருத்திக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், குடாநாட்டு வீடுகளிலிருந்து சேகரித்த சாதாரணப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். நாம் குப்பை என்று எறியும் பொருள்கள்தான் அவை. எரிந்துபோன புத்தகங்கள் இருந்த இடத்தில் வீட்டுச் சாமான்கள் சரித்திரமாக வைக்கப்பட்டன.

எமது ஐயாவிடமும் ஒரு தோம்பு இருக்கிறது. சொப்பிங் பையில் சுற்றிக் கூரைத் தீராந்தியில் சொருகி வைத்திருக்கிறார். முகாம் பதிவுத்துண்டு, பங்கீட்டு அட்டை, காணி பற்றி வந்த கடிதங்கள், எங்கோ கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி. அவற்றுட் பல சிங்களத்தில் உள்ளவை. அவரால் ஒரு எழுத்தும் வாசிக்க முடியாது. ஆனால் எந்தக் கடிதம் எது என்பது அத்துப்படி. மழை நனைத்த கறை எதில், சிவப்பு முத்திரை எதில் என்று வைத்து அடையாளம் சொல்கிறார். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் அப்படி. விளங்காத மொழியில் எழுதப்பட்ட கூற்றின் கீழே தமிழில் கையெழுத்து வைத்துவிட்டு வீடு வந்தவர்கள் எமது வாசகர்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். தன் வாழ்க்கையைப் பற்றித் தன்னிடமே இருக்கும் பத்திரத்தைத் தான் வாசிக்க முடியாமல் இருப்பது சின்னக் கொடுமை அல்ல. அன்று விரித்த காகிதம் அவர் தாமே எழுதி, தாமே வாசிக்கக்கூடிய முதலாவது பத்திரம்.

வெளிநாடு போனவர்களின் பாடு வேறு விதமானது. அதைச் சொல்லும் ஒரு திரைப்படம் 'தீபன்'. பிரெஞ்சு நெறியாளர் ஜாக் ஓடியார் எடுத்த இப்படம் 2015இல் கான் திரைப்பட விழாவின் அதி உயர் விருதான தங்கப் பனை விருதைப் பெற்றது. பிரெஞ்சுப் படம் என்றாலும் பெரும்பகுதிப் பேச்சு தமிழ்தான். தீபனாக நடித்தவர் எமது எழுத்தாளர் ஷோபாசக்தி. அல்லைப்பிட்டியில் பிறந்து, இளமையில் இயக்கத்தில் இருந்து, பின்பு பிரான்சில் தஞ்சமடைந்தவர். கதை இதுதான்: ஒருவருக்கொருவர் அறியாத ஓர் ஆண், ஒரு பெண், தாயில்லாத ஒரு சிறுமி ஆகிய மூவரும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டைக் காட்டிக் குடும்பமாக நடித்துக்கொண்டு பாரிசின் புறநகருக்குப் போய்ச் சேர்கிறார்கள். பெரியவர்கள் இருவருக்கும் மொழி பிடிபடாமல் இருக்க, பள்ளிக்கூடம் போகும் சிறுமிக்கு முதலில் பிரெஞ்சு வந்துவிடுகிறது. அன்றிலிருந்து வீட்டுக்கு அவளே வாய். பெரியவர்களுக்கு வரும் பேச்சை ஒன்பது வயதுப் பிள்ளை கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிவிலே வரும் வெட்டும் சூடும் எமக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. எமது ஆட்கள் என்றால் கடைசியில் ஆயுதம் தூக்கத்தான் வேண்டும் என்று வெளியார் நினைக்கிறார்களோ என்று தோன்றியது. ஆனால் மொழி தெரியாமல் தகப்பன் பிள்ளைக்கு முன் சிறுத்துப்போகும் இடங்கள் உண்மையானவை.

தமிழ் நாட்டுக்குப் போனவர்களுக்கும் மொழி இடறவில்லை என்று சொல்ல முடியாது. 1990இல் திருகோணமலைக் கரையிலிருந்து வள்ளம் ஏறி மண்டபம் முகாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள், இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, "என்ன கதைக்கிறாய்?" என்று கேட்டால் "நான் கதை ஒண்ணும் சொல்லலையே" என்று விழித்தார்கள். 'கெதியா வா' என்றால் விளங்கவில்லை. ஒரே மொழிக்குள்ளேயே ஒரு கடல் கிடந்தது.

மொழி தெரியாத இடத்தில் தகப்பனும் பிள்ளையும் அகப்பட்டுக்கொண்ட கதை எமது கொட்டியாரக் குடாவுக்குப் புதிதல்ல. புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் இந்தக் குடாவில் ஒதுங்க, 1660இல் கப்பற் தலைவரும் அவருடைய மகன் ரொபேட் நொக்ஸும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மறு ஆண்டே தகப்பன் இறந்துபோனார். மகன் சிங்களம் கற்றுக்கொண்டு பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தான். 1679இல் தப்பி வரும் வழியில் அநுராதபுரப் பக்கத்தில் தமிழ்க் குடிகளிடம் அகப்பட்டபோது அவன் கற்ற சிங்களம் அங்கே செல்லவில்லை. மொழி ஒன்றைக் கற்றுக் கரையேறினால் அடுத்த மொழி வாசலில் நிற்கிறது! ஊர் திரும்பிய பின் 1681இல் அவன் புத்தகம் இலண்டனில் வெளிவந்தது. பிடிபட்ட வெள்ளைக்காரனின் கதை முந்நூறு வருடத்துக்கு மேலாக அச்சில் இருக்கிறது. அதே குடாக்கரையிலிருந்து துரத்தப்பட்ட எங்கள் ஆட்களின் கதைகளில் எத்தனை அச்சேறின? மூதூர் தந்த எழுத்தாளர் வ.அ. இராசரத்தினம் போன்ற சிலர் எழுதினார்கள். எழுத வராதவர்கள் தான் அதிகம்.

எழுத வராதவர்கள் என்றதும் பென்சிலைத்தான் நினைக்க வேண்டும் என்றில்லை. ஹேமா ஷிரோனி என்ற ஓவியர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்றவர். அவர் எடுப்பது ஊசியும் நூலும் துணியும். குடும்பம் ஊர் ஊராக மாறியதையும், இருந்து விட்டுப்போன வீடுகளையும், மொழிகளுக்கிடையே அகப்பட்டுக்கொள்வதையும் தையலாகத் தைக்கிறார். இதை அறிந்தபோது எமக்குச் சிறிது வெட்கமாக இருந்தது. முகாம் முகாமாகத் தையல் இயந்திரம் கொடுத்துப் பயிற்சி வகுப்பு நடத்திய நிறுவனங்கள் எத்தனை! நாமும் அதற்கு விலக்கல்ல. சட்டை தைக்கவும் பாடசாலைச் சீருடை தைக்கவும் காட்டிக் கொடுத்தோமே தவிர, உங்கள் வீட்டைத் தைத்துப் பாருங்கள் என்று ஒரு தாயிடமும் சொன்னதில்லை. கட்டைபறிச்சான் அம்மாவிடம் இதைச் சொன்னோம். கண் தெரிவதில்லை என்றார். ஆனால் பன்பாய் இழைக்கும்போது ஓரத்தில் சாயம் போட்டுக் கட்டங்கள் இழைப்பதுண்டு, அதில் வளவு வருமா என்று பார்க்கலாம் என்றார்.

சிறுவர்கள் விடயத்தில் முன்மாதிரி எமக்கு அருகிலேயே உண்டு. 1996இல், போர் நடந்து கொண்டிருந்தபோதே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் அதன் தொடக்கத்தில் நின்றவர்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டி வந்து, களிமண் பிசையவும் நிறம் தீட்டவும் கதை கட்டவும் விட்டார்கள். உனக்கு என்ன நடந்தது, சொல்லு என்று எவரும் பிள்ளையை நெருக்கவில்லை. சொல்ல விரும்பியதைக் களிமண் சொல்லும் வரை காத்திருந்தார்கள்.

இந்தக் காத்திருத்தல் பெரியவர்களுக்கும் வேண்டும் என்பதை நாம் அன்று கற்றுக்கொண்டோம். வீட்டின் முன்னறையில், சன்னலோரமாக, ஐயா ஒரு சிறிய சதுரம் கீறினார். "மூத்தவன் படிக்கிற மேசை" என்றார். அதற்குப் பிறகு பென்சில் அசையவில்லை. அம்மா எழுந்து உள்ளே போனார். நாமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஐயா தாமாகவே மாட்டுப்பட்டிக்குப் போய், வைக்கற்போருக்கு இடம் விட மறந்துபோனேன் என்று சொல்லிக் கீறத் தொடங்கினார்.

ஆகவே உங்கள் குடும்பத்தில் இதைச் செய்ய விரும்புவோருக்குச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறோம். பேனை வேண்டாம், பென்சில் கொடுங்கள். அழிக்க முடியும் என்று தெரிந்தால்தான் மூத்தவர்களின் கை துணியும். கணவனையும் மனைவியையும் ஒன்றாக இருத்துங்கள். ஆண்கள் வேலியும் வரம்பும் வாய்க்காலும் கீறுகிறார்கள்; அடுப்படியும் கோழிக்கூடும் உரல் கிடந்த இடமும் பெண்கள் சொல்லாமல் வருவதில்லை. பிழை பிடிக்கட்டும், சண்டை பிடிக்கட்டும். அந்தச் சண்டைக்குள்தான் பாதி விவரம் கிடைக்கும். நான்கு எல்லைக்கும் அப்பால் யாருடைய காணி இருந்தது என்பதைக் கட்டாயம் கேட்டு எழுதுங்கள். அயலவர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா, யாராயிருந்தாலும் பெயர் விடுபடக் கூடாது. மரத்தையும் வயலையும் வீட்டார் எந்தப் பெயரில் கூப்பிட்டார்களோ அதே பெயரில், கொச்சை என்று திருத்தாமல் எழுதுங்கள். வெளிநாட்டில் பேரப்பிள்ளை இருந்தால், பக்கத்தில் அது தனக்குத் தெரிந்த மொழியிலும் எழுதட்டும். ஓரிடத்தில் கை நின்றுவிட்டால் நிற்க விடுங்கள்.

இது காணி உறுதி ஆகாது. நீதிமன்றத்தில் நில அளவையாளரின் படத்துக்குப் பதிலாக இதை நீட்ட முடியாது. அப்படி எவரும் நம்பிவிட வேண்டாம். உறுதி தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திரம் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்திலும் பிரதி கேட்டு விண்ணப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லை தெரியாமல் அளவையாளரை எங்கே கூட்டிப் போவது? சம்பூரில் அனல் மின் நிலையம் வரும் என்று பல ஆண்டுகள் பேசப்பட்டு 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய ஒளி மின் நிலையத்துக்குத் தொடக்க விழா நடந்தது. நிலத்தின் தோற்றம் எமது கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருக்கிறது. பழைய ஒழுங்கையைக் கண்ணால் கண்டவர்களுக்கு எழுபதும் எண்பதும் வயதாகிவிட்டது.

நாம் புறப்படும்போது பொழுது பட்டுவிட்டது. காகிதத்தில் நான்கு பக்கமும் இடம் முடிந்திருந்தது. ஐயா அதைச் சுருட்டி, சொப்பிங் பைக்குள் மற்றக் கடிதங்களோடு வைத்தார். பிறகு எமக்குப் பின்னாலேயே படலை வரை வந்தார்.

"வயல் இதுக்குள்ள அடங்கேல்ல தம்பி. வாய்க்கால் எங்கால வந்து எங்கால திரும்புறதெண்டு கீற இதைவிடப் பெரிய கடதாசி வேணும். அடுத்தமுறை வரேக்க கொண்டு வாங்க."

"அழிறப்பரும் கொண்டு வாங்க பிள்ளையள்" என்றார் அம்மா விறாந்தையிலிருந்து. "அந்தக் கிணத்தடி முருங்கையை அழிக்கோணும்."